கம்மஞ்சோறு முதல் குக்கர் பாஸ்தா வரை: ஒரே சட்டிச் சமையலின் கொங்கு வரலாறு



பாஸ்தா என்றவுடன் நம்மில் பாதிப் பேருக்கு "அது வெள்ளைக்காரன் சாப்பாடு" என்ற நினைப்பு வரும். ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கும் மீதிப் பேருக்கு "அரை மணி நேரத்தில் வேலை முடிகிற சாப்பாடு" என்ற நினைப்பு வரும். கோழிக்கறி, கேரட், பீன்ஸ், குடைமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் பாஸ்தாவோடு ஒரே குக்கரில் போட்டு ஒரு விசில் விட்டால் ராத்திரிச் சாப்பாடு தயார். கழுவ ஒரே ஒரு பாத்திரம். இதைவிட வேறென்ன வேண்டும்? :-)

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் "இதன் அடக்கவிலை என்ன, அதில் கூலி எவ்வளவு, அந்தக் கூலி யாருக்குப் போகிறது" என்று கேட்கத் தோன்றும். இந்தப் பாஸ்தாவைப் பார்த்தும் அதே கேள்விதான் வந்தது. இந்த அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? இதற்கு முன்னால் நம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு வேளைச் சோறு ஆக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? மிச்சமான நேரம் யாருடையது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். சமையல் குறிப்பும் உள்ளே இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

முதலில் சமையல்

ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு நறுக்கிப் போட்டு வதக்குங்கள். மூன்று தக்காளி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், உப்பு. தக்காளி கரைந்ததும் எலும்பில்லாத கோழிக்கறி கால் கிலோ, சின்னத் துண்டுகளாக. கறி நிறம் மாறும்வரை கிளறிவிட்டு, நறுக்கிய கேரட், பீன்ஸ், குடைமிளகாய், பச்சைப் பட்டாணி சேருங்கள். கடைசியாகப் பாஸ்தா இரண்டு டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர். மிதமான தீயில் ஒரு விசில். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கியதும் திறந்து கிளறி, மிளகுத்தூள் தூவினால் முடிந்தது. மூன்று பேர் சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்தா வேகும்போது நுரை பொங்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், வெயிட் அடைத்துக்கொள்ளும்.

இத்தாலிக்காரர்கள் இதைப் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். அவர்கள் முறையில் பாஸ்தாவை நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டுத் தனியாக வேகவைத்து, வடித்து, பிறகு குழம்பில் சேர்க்க வேண்டும். நாம் வடிப்பதில்லை. பாஸ்தாவிலிருந்து வெளிவரும் மாவுச்சத்து முழுவதும் அந்தச் சட்டியிலேயே நின்று, தக்காளிச் சாறோடும் கறிச் சாறோடும் கலந்து கெட்டியாகிறது. தனியாகக் குழம்பு வைக்கவே தேவையில்லை. நம்முடைய அரிசிம்பருப்புச் சோறு கெட்டியாவதும் இதே காரணத்தால்தான். ஆகவே நம் ஆட்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

மாவைப் பிழிவது யாருக்குப் புதிது?

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை. அவர் ஊர் திரும்பியது 1295-ல். அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் 1154-லேயே சிசிலித் தீவில் திராபியா என்ற ஊரில் "இத்ரியா" என்ற காய்ந்த மாவு இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டுக் கப்பலில் வெளியூர்களுக்குப் போனதாக எழுதிவைத்திருக்கிறார். கவனியுங்கள், காய்ந்தது. கப்பலில் ஏற்றலாம், மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். பாஸ்தாவின் வெற்றி ருசியில் மட்டும் இல்லை, கெட்டுப்போகாத தன்மையிலும் இருக்கிறது.

நம்மிடமும் மாவைப் பிழியும் வித்தை பழையதுதான். 1025-ஐ ஒட்டிக் கன்னடத்தில் எழுதப்பட்ட "லோகோபகாரம்" என்ற நூலில் சாவிகே செய்யும் முறையும் அதைப் பிழியும் அச்சும் சொல்லப்பட்டிருக்கின்றன. நம் கொங்கு நாட்டில் அதற்குப் பெயர் சந்தகை. சில ஊர்களில் சந்தவை என்பார்கள். இடியாப்பத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வெளியூர் நண்பர்களுக்காக: இடியாப்பம் மாவைப் பிழிந்துவிட்டு வேகவைப்பது, சந்தகை வேகவைத்துவிட்டுப் பிழிவது. புழுங்கலரிசியை ஊறவைத்து, ஆட்டி, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் போட்டு அழுத்த வேண்டும். ஒருவர் அழுத்த, இன்னொருவர் கீழே தட்டைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். ஆறிவிட்டால் இறங்காது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றினால் இனிப்பு, கோழிக் குழம்பு ஊற்றினால் காரம்.

ஒரம்பரை வந்தால், நோம்பி வந்தால்தான் சந்தகை. காரணம் ருசியல்ல, உழைப்பு. ஆட்டுக்கல் காலத்தில் ஊறவைப்பதில் தொடங்கி வாயில் வைக்கிற வரைக்கும் அரை நாள் போய்விடும். அன்றைக்கே தின்றாக வேண்டும், சேர்த்துவைக்க முடியாது. சிசிலிக்காரனின் இழை கப்பலேறியது, நம்முடையது அடுக்களையைத் தாண்டவில்லை.

ஒரே சட்டி, ஆனால் வேகமில்லை

"ஒன் பாட்" என்பதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி இப்போது வீடியோக்களில் காட்டுகிறார்கள். நம் தாத்தா பாட்டி காலத்துச் சாப்பாடு பெரும்பாலும் ஒரே சட்டிதான். கொங்கு நாடு மழை மறைவுப் பிரதேசம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் அந்தப்பக்கமே வாங்கிக்கொள்கிறது. காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஊர்கள், நொய்யல், அமராவதிக் கரைகள் நீங்கலாக, மற்ற இடமெல்லாம் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். கம்பு, சோளம், ராகி, சாமை, தினை. இவைதான் தினச் சோறு. நெல்லஞ்சோறு விசேஷத்துக்கு.

கம்மஞ்சோறு ஆக்கும் வேலையை வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் போட்டு இடிக்க வேண்டும். தவிடு பிரிந்ததும் முறத்தில் புடைக்க வேண்டும். மறுபடியும் இடித்து நொய்யாக்க வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கட்டிபடாமல் கிளற வேண்டும். விறகு அடுப்பு. ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். சட்டி என்னவோ ஒன்றுதான், ஆனால் அந்தச் சட்டிக்குள் போகும் தானியம் தயாராவதற்கே மணிக்கணக்கில் ஆகும். இரவு ஆக்கி, மீதியை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போவார்கள். ஒரு தடவை செலவழித்த உழைப்பை இரண்டு வேளைக்குப் பங்கிடும் ஏற்பாடு அது. நம் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கேட்டால் பாராட்டுவார்.

ஆக, இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே சட்டியில் ஆக்குவது பழசு. சீக்கிரம் ஆக்குவதுதான் புதுசு. அந்த வேகம் சட்டியால் வரவில்லை. உரலில் நடந்த வேலை ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியே போனதால் வந்தது.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பாடப் புத்தகத்தில் அதைப் பஞ்சாலைகளின் வளர்ச்சியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் அதே கம்பிதான் கிணற்று மோட்டாருக்கும், பிறகு ஊர் ஊராக வந்த ரைஸ் மில்லுக்கும் மாவு மில்லுக்கும் போனது. மாவு மில் வந்த ஊரில் இடிக்கும் வேலையில் பெரும்பகுதி போயிற்று. 1955-ல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பார்கள். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆட்டுக்கல் முன் உட்கார்ந்த நேரமும் குறைந்தது.

தானியமும் மாறியது. 1948-ல் வேலை தொடங்கி 1950-களின் நடுவில் முடிந்த கீழ்பவானித் திட்டம் சுமார் 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுத்தது. கோபி, ஈரோடு, பெருந்துறைப் பக்கம் புன்செய்க் காடாகக் கிடந்த இடத்திலும் நெல் ஏறியது. அடுத்து ரேஷன். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு "ரூபாய்க்கு ஒரு படி அரிசி" திட்டத்தை முதலில் கொண்டுவந்த இடங்கள் இரண்டு: சென்னையும் கோயமுத்தூரும். மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதை நினைத்துப் பார்த்தால் கோவை ஏன் என்பது புரியும். 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். கம்பு பின்னால் போய், அரிசி தினச் சோறானது.

நம் ஊரின் ஒரே சட்டிச் சாப்பாட்டுக்கு இன்றைய அடையாளமாக நிற்கும் அரிசிம்பருப்புச் சோறு இந்தச் சூழலில்தான் தினசரிச் சமையலுக்குள் இறங்க முடிந்தது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், மஞ்சள், சீரகம், மிளகு, கொஞ்சம் தேங்காய். பதினான்காம் நூற்றாண்டில் வந்த இபின் பதூதா வடக்கே அரிசியும் பயறும் சேர்த்து வேகவைத்த கிச்சடியைப் பார்த்து எழுதியிருக்கிறார். அரிசிம்பருப்பு அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் பருப்பை நெய்யில் குளிப்பாட்டுகிற ருசி நம்முடையது. (இதில் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.)

கோதுமை வந்த வழி

அரிசி தின்னும் ஊருக்குள் கோதுமை எப்படி நுழைந்தது? ருசிக்காக அல்ல, பஞ்சத்துக்காக. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணம் முழுவதும் அரிசித் தட்டுப்பாடு, ரேஷன். அரிசிக்குப் பதில் கோதுமை, ரவை என்று பழக வேண்டியதாயிற்று. பெங்களூரின் எம்.டி.ஆர். ரவா இட்லி அந்தப் போர்க்காலத் தட்டுப்பாட்டில்தான் பிறந்தது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

பிறகு அமெரிக்கக் கோதுமை. பி.எல். 480 என்று சொல்லப்படும் 1954-ம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, 1956-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. வறட்சி வாட்டிய 1966-ல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்கு இந்தியா உணவு தானியம் இறக்குமதி செய்தது. அப்புறம் பசுமைப் புரட்சி வந்து பஞ்சாப் கோதுமை மலிந்தது. ரவை உப்புமா, சப்பாத்தி, பரோட்டா என்று கோதுமை நம் ராத்திரிச் சாப்பாட்டில் இடம் பிடித்தது. அந்த வரிசையில் ஒன்று சேமியா.

சேமியா நம் ஊர்ப் பாஸ்தாதான். மாவை அச்சில் தள்ளி, காயவைத்து, பாக்கெட்டில் போட்டது. சந்தகைக்கு இல்லாத அந்த சிசிலிக் குணம் இதற்கு உண்டு: கெடாது. திண்டுக்கல்லின் அணில் சேமியாவை அறியாத தமிழ்நாட்டு மளிகைக்கடை உண்டா? 1980-களில் ஹைதராபாத்தில் தொடங்கிய பாம்பினோ, சேமியாவுக்கும் மக்ரோனிக்கும் ஓர் இத்தாலியப் பெயரையே வைத்தது. பாம்பினோ என்றால் இத்தாலிய மொழியில் குழந்தை! சேமியா உப்புமா, சேமியா கிச்சடி, ஞாயிற்றுக்கிழமை மீந்த கறியைப் போட்டு சேமியா பிரியாணி. பாஸ்தா என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே "கறியும் காயும் போட்ட ஒரே சட்டிப் பாஸ்தா" இங்கே இருந்தது.

ஒரு சின்ன வித்தியாசம் மட்டும். நல்ல பாஸ்தா துரும் என்ற கடினமான கோதுமையில் செய்வது. அதில் புரதம் அதிகம், வெந்தாலும் உருவம் கலையாது. மைதாவில் செய்த சேமியா சீக்கிரம் குழைந்துவிடும். அதனால்தான் சேமியாவை முதலில் வறுக்கச் சொல்கிறார்கள். வறுத்தால் தண்ணீரை மெதுவாக இழுக்கும், உதிரியாக நிற்கும். பாஸ்தாவில் இந்த ஒரு வேலையும் மிச்சம்.

காமர்ஸ் நண்பர்களுக்கு ஒரு கொசுறு. ஜி.எஸ்.டி. அட்டவணையில் சேமியா, மக்ரோனி, நூடுல்ஸ், பாஸ்தா எல்லாம் 1902 என்ற ஒரே எண்ணின் கீழ்தான் வருகின்றன. ஆனால் சேமியாவுக்கு 5 சதவீதம். பாஸ்தாவுக்கு 2017 ஜூலையில் 18, அதே ஆண்டு நவம்பரில் 12. அதாவது ஒரே மாவு, ஒரே அச்சு. மெல்லிசாகப் பிழிந்தால் உள்ளூர், குழாயாகப் பிழிந்தால் ஆடம்பரம்! 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5 சதவீதம். எட்டு வருஷம் கழித்து வரி அலுவலகமும் இரண்டும் சொந்தக்காரர்கள்தான் என்று ஒப்புக்கொண்டது. :-)

விசில்

பாத்திரத்தை இறுக மூடி ஆவியை அடைத்துவைத்தால் சமையல் வேகமாகும் என்பதை 1679-ல் டெனிஸ் பாபின் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிவிட்டார். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கருக்குள் அழுத்தத்தால் 120 டிகிரி வரை போகும். அந்த இருபது டிகிரியில்தான் பருப்பு பத்து நிமிஷத்தில் மசிகிறது. இந்தியாவில் 1959-ல் ஹாக்கின்ஸ் பம்பாயில் தொடங்கியது. அதே காலகட்டத்தில் டி.டி.கே.யின் பிரஸ்டீஜ் பெங்களூரில் குக்கர் செய்ய ஆரம்பித்தது.

கேஸ் அடுப்பு வந்தபிறகுதான் குக்கரின் முழுப் பலன் தெரிந்தது. விறகில் தீயை அளக்க முடியாது. கேஸில் "மூன்று விசில், பிறகு சிம்" என்று பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லிவிட்டுப் போகலாம். தமிழ்நாட்டில் 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும், 2011-ல் இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் அரசு கொடுக்கத் தொடங்கியது. இதை "இலவசம்" என்று கிண்டல் செய்கிறவர்கள் அந்த வீட்டில் யார் ஆட்டினார்கள், யார் ஊதினார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் நல்லது.

கறியும் காயும்

கறியும் காயும்கூடத் தனிக் கதைதான். வாரநாளில் கறி என்பது நம் தாத்தா தலைமுறைக்கு நடக்காத காரியம். நோம்பிக்குக் கெடா வெட்டினால் உண்டு, ஒரம்பரை வந்தால் வீட்டுக்கோழி உண்டு. நாட்டுக்கோழி வேக நேரமாகும். அதை மாற்றியது பிராய்லர், அதுவும் நம் ஊரிலிருந்தே. 1980-களில் உடுமலைப்பேட்டையில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சுகுணா, 1990-ஐ ஒட்டி ஒப்பந்தப் பண்ணை முறையைக் கொண்டுவந்தது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கிணறு வற்றிய பல்லடம், உடுமலைப் பக்கம் நிறையப் பேர் இதற்கு மாறினார்கள். பல்லடத்தில் அறிவிக்கும் பண்ணை விலையைப் பார்த்துத்தான் கறிக்கடைக்காரர் போர்டில் எழுதுகிறார். கால் கிலோ எலும்பில்லாத கோழி பத்து நிமிஷத்தில் வேகிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த நாற்பது வருஷ வேலை இருக்கிறது.

கேரட்டும் பீன்ஸும் அதைவிடப் பழைய கதை. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிரிடச் செய்தார். அதனால்தான் இன்றைக்கும் நம் மார்க்கெட்டில் அவற்றுக்கு "இங்கிலீஷ் காய்" என்று பெயர். மலையிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து நம் குக்கருக்குள் விழுகின்றன. தக்காளிக்குக் கிணத்துக்கடவு, சின்ன வெங்காயத்துக்குத் தொண்டாமுத்தூர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் "வெள்ளைக்காரன் சாப்பாட்டில்" பாஸ்தா பாக்கெட்டைத் தவிர பாக்கியெல்லாம் நூறு கிலோமீட்டருக்குள்.

அப்படியானால் மிச்சமான நேரம் எங்கே?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இடிப்பது போயிற்று, ஆட்டுவது போயிற்று, ஊதுவது போயிற்று, வறுப்பதும் போயிற்று. அரை நாள் வேலை அரை மணி நேரமானது. மிச்சமான நேரத்தில் நம் ஊர்ப் பெண்கள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்களா?

திருப்பூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 1980-களில் பனியன் ஏற்றுமதி பெருகிய பிறகு தையலிலும் செக்கிங்கிலும் அடுக்குவதிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஆர்டர் இருக்கிற நாட்களில் "ஒன்றரை ஷிப்ட்" என்பது அங்கே சாதாரணச் சொல். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே. பஸ் பிடித்து வீடு வர ஒன்பதேகால். அதற்குப் பிறகு ராத்திரிச் சமையல். அந்த நேரத்தில் சந்தகையா பிழிய முடியும்? உரலில் மிச்சமான நேரம் கம்பெனி மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குச் சனிக்கிழமை சம்பளம் வருகிறது, அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதேகாலுக்கு அடுப்பு முன்னால் நிற்பது யார் என்பது மட்டும் மாறவில்லை.

இது என் அனுமானம் அல்ல, எண்ணிக்கை இருக்கிறது. மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது! கருவிகள் வந்ததன் பலனை இருவரும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். வேலையைத்தான் பங்கிடவில்லை. இது இந்தியா முழுமைக்குமான சராசரி, நம் மாவட்டத்துக்கான தனிக்கணக்கு அல்ல. ஆனாலும் உங்கள் வீட்டைப் பார்த்தால் அதிக வித்தியாசம் தெரியாது என்று நினைக்கிறேன்.

"ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் ஊர்க் கெடாவிருந்துக்குப் போயிருக்கிறீர்களா? அண்டாவில் கறி வேகவைப்பது யார்? கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டர் யார்? பிரியாணிக் கடையில் தம் போடுவது யார்? ஊர் பார்க்கச் சமைப்பதும் காசுக்குச் சமைப்பதும் ஆண்கள் வேலை. யாரும் பார்க்காமல் தினமும் சமைப்பது மட்டும் பெண்கள் வேலை. கைப்பக்குவம் இருக்கிறது, நேரம்தான் "இல்லை".

அமெரிக்காவிலும் இதே கதை வேறு பெயரில் நடந்தது. 1937-ல், பெருமந்தத்தின் நடுவில், கிராஃப்ட் கம்பெனி மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே டப்பாவில் போட்டு மலிவாக விற்றது. 1970-களின் தொடக்கத்தில் கறி விலை ஏறியபோது ஜெனரல் மில்ஸ் "ஹாம்பர்கர் ஹெல்ப்பர்" என்ற பாக்கெட்டைக் கொண்டுவந்தது. ஒரே வாணலியில் கொத்துக்கறி, மேலே இந்த மக்ரோனியும் மசாலாத்தூளும், தண்ணீர். அவ்வளவுதான், ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. 2013-ல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் பத்திரிகை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கும் ஒரே வாணலிப் பாஸ்தாவை வெளியிட்டபோது உலகமே ஏதோ புதுசு மாதிரிக் கொண்டாடியது. நம் சேமியா கிச்சடிக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

அந்த "ஹெல்ப்பர்" என்ற பெயரைக் கவனியுங்கள். உதவிக்கு ஆள். வீட்டில் உதவிக்கு ஆள் வராததால் பாக்கெட் உதவிக்கு வந்தது. மாவு மில், கிரைண்டர், குக்கர், சேமியா, பாஸ்தா எல்லாமே அப்படி வந்த உதவியாட்கள்தான். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சுமந்துகொண்டு வெளியே போயிற்று. யாரும் குறை சொல்ல முடியாது. "அந்தக் காலத்தில் கம்மஞ்சோறு தின்றார்கள், ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று ஃபார்வர்டு அனுப்புகிற மாமாக்கள், அந்தக் கம்பை இடித்த கையைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம். சிறுதானியம் நல்லதுதான், தாராளமாகத் தின்போம். அதை ஆக்க இரண்டு பேர் அடுக்களையில் நிற்போம் என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

இனி வெளியே அனுப்ப வேலை அதிகமில்லை. மிச்சமிருப்பது நறுக்குவது, வதக்குவது, விசில் எண்ணுவது, கழுவுவது. அரை மணி நேரம்தான். இவ்வளவு சுலபமான வேலையையும் "எனக்கு வராது" என்று சொல்ல யாருக்கும் இனி நியாயம் கிடையாது. ஒரே சட்டிப் பாஸ்தாவில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். இதற்குக் கைப்பக்குவம் தேவையில்லை, பரம்பரை ரகசியம் தேவையில்லை. வாசிக்கத் தெரிந்தால் போதும். மேலே குறிப்பு இருக்கிறது.

உங்கள் வீட்டில் ராத்திரி அடுப்பு முன்னால் நிற்பது யார்? உங்கள் பாட்டி காலத்தில் ராத்திரிக்கு என்ன ஆக்கினார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால் ஒரு பட்டியலே போட்டுவிடலாம்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.